பங்களாச் சுவரில் ஒரு பூரான்

பெரியவன் என்னைப் போலக் கொத்தனாராகிக் கரணை பிடித்துவிட்டான். சின்னவன் கரண்டு வேலைக்குப் போய்விட்டான். போன ஞாயிற்றுக்கிழமை சோறு தின்கிற நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையை உங்கள் அம்மா இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "நான் பூசின செவுத்த இவன் ஒடைக்கிறான்" என்று ஒருவன். "நான் போட்ட பைப்ப இவன் மூடிட்றான்" என்று ஒருவன். நடுவில் ரசம் கொட்டிப்போனது.

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது. இப்போது வாயும் காலி, வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டதால் கையும் காலி. அதனால் எழுதுகிறேன். உங்களோடு புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பையன்களுக்கும் படித்துக் காட்டுங்கள். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு எத்தனை பங்கு, மணல் எத்தனை பங்கு என்றெல்லாம் இதில் வராது. அதைக் கை தானே கற்றுக்கொள்ளும். கைக்குத் தெரியாத சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கதை.

ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு சப் கலெக்டர் பங்களா. எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது.

கும்பினிக் காலத்துக் கட்டடம். யானை படுத்தாலும் இடம் மிஞ்சுகிற விருந்து ஹால். மழை பெய்தால் வெளியே நிற்பதும் உள்ளே நிற்பதும் ஒன்றுதான். புதிதாக வந்த சப் கலெக்டரின் துரைசானி அதைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டைப் பழுது பார்க்க வேண்டும், கரண்டு விளக்கும் காற்றாடியும் போட வேண்டும், ஆனால் அதன் பழைய அழகு ஒரு நகக்கண் அளவும் மாறக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

இதை எங்கள் ஓவர்சியர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "பழசெல்லாம் பழசாவே இருக்கணும். ஆனா எல்லாம் புதுசா இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா" என்றோம் எல்லோரும். அவருக்கே புரியவில்லை என்பதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நல்ல மனிதர் அந்த ஓவர்சியர். பயம் வந்தால் மட்டும் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டுவார். அந்த வேலை முடிவதற்குள் அந்தத் துணி நைந்துபோயிற்று.

காண்டிராக்ட் எடுத்தவர் உமர் பாய். ஆம்பூரில் தோல் மண்டி நடத்திய குடும்பம். கட்டட வேலை அவருக்குப் புதிது. ஆகையால் எந்தச் சிக்கல் வந்தாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கதவு கிறீச்சிடுகிறதா, கீலுக்கு நடுவே தோலை வை. ஜன்னல் ஆடுகிறதா, தோலை வை. மேசைக்கால் ஒன்று கட்டையா, அதற்கும் தோல். ஒரு தடவை எனக்குப் பல்வலி என்று சொன்னேன். அவர் கை மடிப்பக்கம் போனதைப் பார்த்து, "வேணாம் பாய், சரியாப் போச்சு" என்றேன்.

இனி முக்கியமான ஆள். எத்திராஜு. அந்தப் பங்களாவின் பங்கா இழுப்பவன். பங்கா என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. நீளமான மரச்சட்டம், அதிலிருந்து தொங்கும் கெட்டித் துணி. கூரையிலிருந்து ஊஞ்சல் மாதிரி தொங்கும். அதில் கட்டிய கயிறு சுவரில் உள்ள ஒரு ஓட்டை வழியாகப் பின் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே எத்திராஜு உட்கார்ந்து இழுப்பான். உள்ளே துரைக்குக் காற்று வரும். கை நோவு எடுத்தால் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வான். தூங்கினாலும் கால் மட்டும் தன் வேலையைப் பார்க்கும்.

பங்களாவுக்குப் பின்னால் ஒரு குடிசை. அதில் அவனும் அவன் பெண்சாதி முனியம்மாவும் நாலு பெண் குழந்தைகளும். வேலை இருக்கிற வரைக்கும்தான் குடிசை. கரண்டுக் காற்றாடி வந்தால் வேலை போகும், வேலை போனால் குடிசை போகும். மதராஸிலிருந்து பெரிய துரை வந்து விருந்து சாப்பிட்டு, பார்த்து, வேலை சரி என்று கையெழுத்துப் போட்ட மறுநாள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எத்திராஜு தினமும் வந்து காற்றாடி மாட்டுகிற இடத்துக்குக் கீழே நிற்பான்.

"மேஸ்திரி, இது நடுவுல நின்னுப்பூடுமா?"

"நிக்காதுன்னுதான் சொல்றாங்க."

"அதுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லாம போவாதா?"

"அதுக்கு ஏதுடா ஒடம்பு?"

"அப்ப பேஜார்தான்" என்று சொல்லிவிட்டுப் போவான்.

மற்ற அறைகளில் கரண்டுக் கம்பியைச் சுவரின்மேல் மரச்சட்டத்தில் ஓட்டினார்கள். விருந்து ஹாலில் மட்டும் கம்பி கண்ணிலேயே படக் கூடாது என்று துரைசானி சொல்லிவிட்டாள். ஆகவே மதராஸிலிருந்து வந்த கரண்டுக்காரர், மேசைக்கு அந்தக் கோடியில் உள்ள சுவரைக் கொத்தி, கதவு நிலைக்கு மேலே ஒரு இரும்புக் குழாயைக் குறுக்கே பதித்தார். குழாயைப் பிடித்துக்கொள்ள வரிசையாக இரும்புக் கவ்வுகள். குழாயின் ஒரு முனையில் ஒரு இரும்புப் பெட்டி. அவர் வேலை முடிந்தது. அவர் போனார்.

பிறகு நான் வந்தேன். பழைய முறைப்படி கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு அரைத்த சுண்ணாம்பு. கடுக்காயை உமர் பாயே தன் மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். "தோலு பதனம் பண்ற கடுக்கா மேஸ்திரி. ஒங்க செவுரு நூறு வருசம் நிக்கும். ஜாஸ்தியா போடு, கம்மி பண்ணாதே" என்றார். ஜாஸ்தியாகவே போட்டேன். முட்டை வெள்ளை தேய்த்து மெருகு ஏற்றினேன். சுவரில் என் முகம் தெரிந்தது. என் வேலை முடிந்தது. நான் பக்கத்து அறைக்குப் போனேன்.

பாருங்கள், அவர் வேலை அவருக்கு முடிந்தது, என் வேலை எனக்கு முடிந்தது. சுவருக்கு மட்டும் முடியவில்லை.

பெரிய துரை வருவதற்கு முந்தின நாள் காலையில் ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டார். தலைப்பாகை கையில் இருந்தது.

"மேஸ்திரி. அது இன்னா?"

பார்த்தேன். வெள்ளைச் சுவரில் நிலைக்கு மேலே கறுப்பாக, நீளமாக ஒன்று. "கறை ஐயா."

"கறைன்னா அதுக்கு ஏன்யா காலு இருக்குது?"

இருந்தன. குழாய் உடம்பாக ஊறியிருந்தது. ஒவ்வொரு கவ்வும் ஒரு காலாக வழிந்திருந்தது. இரும்புப் பெட்டி தலை. பெட்டிக்கு மேல் அடித்திருந்த இரண்டு ஆணிகள் மீசை. ஒரு கட்டில் நீளத்துக்கு மேலேயே இருக்கும், அப்படி ஒரு பூரான், தலையைத் தூக்கி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உமர் பாய் வந்து பார்த்தார். மூக்கைச் சுவரில் வைத்து முகர்ந்தார். "யா அல்லா! இது கடுக்கா கறை. எங்க தொட்டியில ஒரு ஆணி வுழுந்தா போதும், தோலு பூரா கருப்பாய்டும். அதுக்குத்தான் மண்டியில இரும்பு வாளியே வெக்க மாட்டோம்."

"தெரிஞ்சவரு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா பாய்?" என்று ஓவர்சியர் கத்தினார்.

"அது தோலு. இது செவுரு. செவுத்துக்கும் கறை புடிக்கும்னு நான் இன்னாத்த கண்டேன்?"

எங்கள் பக்கத்தில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதிய மையே கடுக்காயும் இரும்புத் துருவும் சேர்ந்ததுதான். அந்த மையைத் தொட்டுத் தொட்டுத்தான் நான் அ எழுதினேன். அப்படிப்பட்ட நான், துரை சாப்பிடுகிற ஹாலில் சுவருக்குள்ளேயே ஒரு மைக்கூடு கட்டிவைத்திருந்தேன். கரண்டுக்காரர் என்னைக் கேட்கவில்லை, நான் அவரைக் கேட்கவில்லை, பாயை யாருமே கேட்கவில்லை.

வெள்ளை அடித்தோம். ஈரம் காயும் வரை பூரான் ஒளிந்துகொண்டது. காய்ந்ததும் திரும்பி வந்தது. மறுபடி அடித்தோம். மறுபடி வந்தது. தண்ணீர் பட்டால் கறை இன்னும் ஊறும் அல்லவா? எங்கள் கையால் தண்ணீர் காட்டி அதை வளர்த்துக்கொண்டிருந்தோம். பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசலாம். ஆனால் அது காய்வதற்குள் பெரிய துரை சாப்பிட்டுவிட்டு மதராஸ் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஓவர்சியர் முன் அறையில் இருந்த சீமை ராஜா படத்தைக் கொண்டுவரச் சொன்னார். பெரிய படம்தான். சுவரில் மாட்டினோம். பூரானின் நடு உடம்பு மறைந்தது. ஆனால் படத்துக்கு இந்தப் பக்கம் சில கால், அந்தப் பக்கம் சில கால், ராஜாவின் தோளுக்குப் பக்கத்தில் மீசை.

உமர் பாய் தூர நின்று பார்த்தார். "ராஜா நடந்து வர்றாப்பல இருக்குது" என்றார்.

"எறக்கு! எறக்கு! இது ராஜதுரோகம்யா! எல்லாரும் அந்தமானுக்குப் போகணுமா?" ஓவர்சியரே ஏணியில் ஏறிவிட்டார்.

"ஒரு நல்ல எருமைத் தோலா மாட்டிடலாம் ஐயா" என்றார் பாய். "துரைங்க புலித்தோலு மாட்டறாங்க இல்ல?"

"புலிய சுட்டாங்க, மாட்டறாங்க. எருமைய யாருய்யா சுட்டது?"

நான் தரையில் குந்தி, நம்பிக்கையில்லாமல் அடுத்த வாளி வெள்ளையைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எத்திராஜுவும் முனியம்மாவும் ஹாலுக்குள் வந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் பழைய பங்கா. முன் முனை அவன், பின் முனை அவள். இனி வேண்டாத சாமான், நீயே எடுத்துக்கொண்டு போ என்று பட்லர் அவனுக்குக் கொடுத்துவிட்டாராம். அவன் பார்த்த வேலைக்கு அதுதான் கடைசி மரியாதை.

அவர்கள் சுவர் ஓரமாகக் கடந்தபோது என் கண்ணுக்குப் பூரான் காணாமல் போனது.

"நில்லுங்க!" என்று கத்தினேன். "அப்டியே நில்லுங்க!"

நின்றார்கள். ஓவர்சியர் ஓடிப்போய்ப் பெரிய துரையின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஒசத்து! இந்தாண்ட வா! அந்தாண்ட போ!" தலைப்பாகையைத் தலையில் வைத்தார். அன்று காலையிலிருந்து அது தலைக்குப் போனது அப்போதுதான்.

"இன்னா இது?" என்றாள் முனியம்மா. "வேலய விட்டு எடுத்துட்டு, போறப்ப தலயில பாரத்த வெச்சி நிக்க வெக்கிறீங்களே, எந்த ஊரு நாயம்?"

பங்காவைச் சுவருக்கு ஒரு முழம் முன்னால், குறுக்காகத் தொங்கவிட்டோம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் பூரான் இல்லை. மேசைக்கு நேர்மேலே கரண்டுக் காற்றாடி. அதை ஓட்டிப் பார்த்தோம். ஜம்மென்று சுற்றியது. அந்தக் காற்றில் பங்காவும் ஜம்மென்று ஆடியது. பூரான் கீழிருந்து எட்டிப் பார்த்தது.

இப்போது என்ன செய்வது? ஆணி அடித்துக் கட்டலாம் என்றால், அந்தச் சுவரில் இன்னொரு இரும்பை அடிக்க யாருக்கும் துணிவில்லை. பங்கா ஆடாமல் யாராவது கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஓவர்சியர் எத்திராஜுவிடம் விளக்கினார். "தோ பாரு. நீ இழுக்கக் கூடாது. புடிச்சிக்கினு உக்காரணும். அதான் வேல."

"இழுக்காம இருக்கறதா வேல?"

"ஆமா."

"எவ்ளோ நாளைக்கி?"

"நாளைக்கி விருந்து முடியற வரைக்கும்."

"அதுக்கப்பறம்?"

ஓவர்சியர் தலைப்பாகையைத் தொட்டார்.

மறுநாள் நல்ல வெயில். சித்திரை வெயிலில் ஆம்பூர்ப் பக்கம் காக்காய்கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மத்தியான விருந்து. பெரிய துரை ஜன்னல் பக்கமாகச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சப் கலெக்டர் எதிரே, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். துரைசானியும் இன்னும் சில துரைகளும் இரண்டு பக்கமும். பின் தாழ்வாரத்தில் நாங்கள். எத்திராஜு கயிற்றைப் பிடித்திருந்தான். பழக்க தோஷத்தில் கால் எழுந்துவிடக் கூடாது என்று முனியம்மா அவன் முழங்காலை அமுக்கிப் பிடித்திருந்தாள். நான் ஒரு முக்காலியில் ஏறி, கயிறு போகிற ஓட்டையில் கண்ணை வைத்திருந்தேன். பூரான் இருந்ததும் அந்தச் சுவர்தான். ஆகையால் எனக்கு அது தெரியாது. அதைப் பார்க்கப் போகிறவர்களின் முகம்தான் தெரியும்.

சூப்பு வந்தது. மீன் வந்தது. பெரிய துரை கண்ணாடிக் கோப்பையில் ஏதோ சீமைச் சாராயம் குடித்தார். காற்றாடி சுற்றியது. எல்லாம் நன்றாகப் போயிற்று.

திடீரென்று காற்றாடி தளர்ந்தது. தள்ளாடியது. நின்றது.

கரண்டு எடுக்கிற எண்ணெய் இஞ்சின் பின்கொட்டகையில் இருந்தது. அதைச் சுற்றவைத்த தோல் பெல்ட் உமர் பாயின் சொந்தத் தயாரிப்பு. "என் பெல்ட்டு அறவே அறாது!" என்று மார்தட்டியிருந்தார். அறவில்லைதான். பெரிய துரை கொட்டகையைப் பார்க்க வந்தால் பளபளவென்று இருக்கட்டும் என்று அன்று காலையில் அதற்கு எண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார். வழுக்கிக்கொண்டு போய் மூலையில் விழுந்து கிடந்தது.

உள்ளே வெக்கை இறங்கியது. துரைமார் கழுத்தெல்லாம் செக்கச்செவேல் என்று ஆயிற்று. சப் கலெக்டர் பின்னால் இருந்த பங்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பட்லர் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தார்.

"இழு! பங்காவ இழு!"

"இழுக்காதே!" என்றார் ஓவர்சியர்.

"இழுடா!"

"வேணாம்டா!"

உமர் பாய் கொட்டகைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். எத்திராஜு யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "இன்னா மேஸ்திரி? இழுக்கவா, வேணாவா?"

பிள்ளைகளே, இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். இழுத்தால் பூரான் வெளியே வரும், எங்கள் எல்லோர் பெயரும் கெடும். இழுக்காவிட்டால் சுவர் பிழைக்கும். ஆனால் உள்ளே மனுஷர்கள் புழுங்குகிறார்கள். காற்றுக்காகக் கட்டிய வீடு அது. அப்புறம் இன்னொன்று. காற்றாடி நின்றிருக்கும்போது பங்காவும் நின்றால், எத்திராஜு எதற்கும் உதவாதவன் என்று பெரிய துரை கண்ணாலேயே பார்த்துவிடுவார். நாளைக்குக் குடிசை காலி. என் சுவரை நினைத்தேன், நாலு பெண் குழந்தைகளை நினைத்தேன். அதிக நேரம் நினைக்கவில்லை.

"இழு எத்திராஜு" என்றேன். "ஒனக்குத் தெரிஞ்ச இழுப்பு அத்தனயும் இழு."

முனியம்மா காலை விட்டாள். அவன் இழுத்தான் பாருங்கள்! மேசைத் துணி பறந்தது. ஒரு துரை கழற்றி வைத்திருந்த தொப்பி மூலையில் போய் விழுந்தது. எல்லோரும் "ஆ" என்று கண்ணை மூடிக் காற்றை வாங்கினார்கள். பிறகு பெரிய துரை கண்ணைத் திறந்தார்.

ஓட்டை வழியாக நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. பங்கா இந்தப் பக்கம் வந்தது, அவர் கண் சுருங்கியது. அந்தப் பக்கம் போனது, கண் விரிந்தது. கோப்பைக்குள் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி கோப்பைக்குள் பார்த்தார். மிக மெதுவாக அதை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் தள்ளிவிட்டார்.

அவர் பக்கத்தில் இருந்த தாடிக்கார துரையும் தன் கோப்பையை நகர்த்தினார். அடுத்தவரும் நகர்த்தினார். ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. தனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். கோப்பையே தொடாத துரைசானி மட்டும் சுவரை ஒரு முறை பார்த்தாள், பெரிய துரையை ஒரு முறை பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்து மீனைத் தின்ன ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது.

மிச்சத்தைப் பட்லர் வந்து சொன்னார். சாப்பாடு முடிந்ததும் பெரிய துரை எலுமிச்சைத் தண்ணீர் கேட்டாராம். சப் கலெக்டரை ஓரமாகக் கூப்பிட்டு, "நீங்கள் இந்த ஹாலில் எப்போதாவது ஏதாவது பார்த்ததுண்டா?" என்றாராம். "எதை?" என்றாராம் இவர். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, வேலை சரி, ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டாராம். பிறகு இரண்டு உத்தரவு. கரண்டை நம்ப முடியாது, ஆகவே பழைய பங்கா அதே இடத்தில் இருக்க வேண்டும், அந்த ஆளும் இருக்க வேண்டும். இது ஒன்று. தான் வருகிறபோது தயவுசெய்து அதை இழுக்க வேண்டாம். இது இரண்டு.

எத்திராஜு கயிற்றை விடவே இல்லை. "போதும்டா, போய்ட்டாங்க" என்று பட்லர் மூன்று தரம் சொன்ன பிறகுதான் நிறுத்தினான். முனியம்மா தலையில் கை வைத்து, "அப்ப அந்தப் பலகய மறுபடி தூக்க வேணாந்தானே?" என்றாள்.

வெயில் காலம் முடிந்ததும் நான் ஓவர்சியரிடம் போய், பூச்சைக் கொத்திச் சரிசெய்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"குறையே இல்லன்னு பெரிய துரை சொல்லிட்டாரு. இல்லாத குறைய எப்படிய்யா ரிப்பேர் பண்றது?" என்றார். அதைவிட வேகமாகப் பின்னாலிருந்து எத்திராஜு ஓடி வந்தான். "கொத்தாத மேஸ்திரி! ஒன் காலுல வுழறேன். அது போச்சுன்னா நான் போவணும்."

ஆகவே பெரியவனே, சுவரைப் பூசுவதற்கு முன்னால் தம்பியைக் கூப்பிட்டு உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று கேள். சின்னவனே, குழாய் பதிப்பதற்கு முன்னால் அண்ணன் எதைக் கரைக்கிறான் என்று வாளியை எட்டிப் பார். பழையதும் புதியதும் தனித்தனியாக நல்லவைதான். ஒரே சுவருக்குள் குடிவைக்கும்போது இரண்டையும் முதலில் பேசவிடுங்கள். அப்படியும் ஒரு நாள் எல்லாம் கெட்டுப்போய் நிற்கும்போது, இழுக்கவா வேண்டாமா என்று ஒருவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். அப்போது சுவரைப் பார்க்காதீர்கள், அவனைப் பாருங்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜையைப் பங்களாவிலேயே கொண்டாடினோம். கரணை, ரசமட்டம், உளி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இஞ்சினுக்கு ஒரு பொட்டு. உமர் பாயின் பெல்ட்டுக்கு ஒரு பொட்டு, எண்ணெய் மட்டும் வைக்க விடவில்லை. எத்திராஜு குளித்து, நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு, கையில் குங்குமக் கிண்ணத்தோடு வந்தான். பங்காக் கயிற்றுக்கு ஒரு பொட்டு வைத்தான். பிறகும் போகாமல் என் பக்கத்திலேயே நின்றான்.

"இன்னாடா?"

"மேஸ்திரி" என்றான், "அந்த ஏணிய கொஞ்சம் குடு. பூரானுக்குத் தல ஒசரத்துல இருக்குது."